நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு

முப்பிடாதியம்மன் தெருவின் முப்பத்தாறு வீட்டு ஜனங்களும், நடமாடுகிறவர்களும் படுக்கையில் கிடக்கிறவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் யாரும் பாக்கியில்லாமல், ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து ஒரே நேரத்தில் மூச்சை விட்டு, நிமிடத்துக்குச் சரியாகப் பதினான்கு மூச்சு என்று முப்பத்தெட்டு நாள் வாழ்ந்தார்கள். அந்த முப்பத்தெட்டு நாளும் தன் மூச்சைத் தன் இஷ்டத்துக்கு விட்டுக்கொண்டிருந்தவள் அந்தத் தெருவில் ஒரே ஒருத்திதான். அவள் உலகம்மாள்.

உலகம்மாளின் வீட்டுக்காரர் பிரமநாயகம் நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் தெருமுனைக்கு வந்து குழிக்குள் இருக்கிற வால்வைத் திருகினால்தான் முப்பத்தாறு வீட்டிலும் குழாய் இருமும், காற்று போகும், பிறகு தண்ணீர் வரும். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் குழாய் இருமுகிற சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து, "அழுத்தம் பத்தாது" என்றோ "இன்னைக்குப் பரவாயில்ல" என்றோ சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவுவார். அவருக்கும் உலகம்மாளுக்கும் பிள்ளைகள் இல்லை. இல்லாததைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்து, பிறகு பேசாமலே ஒருவரையொருவர் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

அவருடைய அண்ணன் மதுரையில் ஐம்பத்திரண்டு நாள் மூச்சு மெஷினில் கிடந்து செத்துப்போனார். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. கை தானாகக் குழாயைப் பிடுங்கப் போகிறது என்று இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டில் கம்பியில் கட்டிவைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பிரமநாயகம் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே நோட்டரி வக்கீலிடம் போய், தெருவில் நகை செய்கிற சண்முகவேல் ஆசாரியையும் தெருமுனைத் தையல்காரர் மீரானையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு, முத்திரை குத்தி ஒரு பத்திரம் எழுதிக்கொண்டு வந்தார். உயிரோடு இருக்கும்போதே தன் உயிரைப் பற்றித் தானே எழுதிவைக்கிற பத்திரம்.

"இந்தா உலகு, இதப் பத்திரமா வையி. என்னால திரும்பி வரமுடியாதபடி ஏதாவது ஆயிப்போச்சுன்னா இத டாக்டர் கையில குடுக்கணும். குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம். வலி தெரியாம மட்டும் பாத்துக்கிடச் சொல்லு."

"நல்ல நாளும் பொழுதுமா என்ன பேச்சு இது?"

"முடிவு சொல்லுத ஆளு நீதான்னு உம் பேரப் போட்டிருக்கேன்."

"எம் பேர என்னத்துக்குப் போட்டிய? ஒங்கள அனுப்பிவைக்க நாந்தானா கெடச்சேன்?"

"வேற யாரு இருக்கா எனக்கு?" என்றார் பிரமநாயகம்.

உலகம்மாள் பத்திரத்தை வாங்கி, பீரோவில் மடித்துவைத்திருந்த பட்டுச்சேலைக்குள் சொருகினாள். இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. மூன்றாம் நாள் கத்திரிக்காய் கூட்டு வைத்துக் கொடுத்துப் பேசினாள்.

இரண்டு வருஷம் கழித்து, புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கண்ணாடி முன்னால் நின்று பாதி முகம் சவரம் செய்திருந்தபோது பிரமநாயகம் அப்படியே சரிந்து விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றும் மூச்சு எந்த நிமிடமும் நின்றுவிடும் என்றும் சொல்லி, டாக்டர் பியூலா ஒரு படிவத்தை நீட்டினார்.

"மெஷின் வைக்கணும்மா. கையெழுத்துப் போடுங்க."

உலகம்மாளுக்கு அப்போது பீரோ ஞாபகம் வந்தது, பட்டுச்சேலையின் மடிப்பு ஞாபகம் வந்தது, அதற்குள் இருக்கிற பத்திரம் ஞாபகம் வந்தது. எல்லாம் ஞாபகம் இருக்கும்போதேதான் கையெழுத்துப் போட்டாள். பாதி சவரம் செய்த முகத்தோடு அவரை எப்படி அனுப்புவது என்று மட்டும்தான் அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது.

மெஷின் ஓட ஆரம்பித்தபோது காலை பதினொன்று இருபது. அதே பதினொன்று இருபதுக்கு முப்பிடாதியம்மன் தெருவில் சண்முகவேல் ஆசாரியின் ஊதுகுழல் வாயில் இருந்தபடியே நின்றது. குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தவள் நெடியில் இருமப்போய் இருமாமல் நின்றாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒரே இடத்தில் பேச்சை நிறுத்தி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லாருடைய நெஞ்சும் ஒன்றாக எழும்பி ஒன்றாகத் தாழ்ந்தது. மாலையில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன மீரான், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று மெஷினில் ஓடுகிற எண்ணைப் பார்த்தார், தன் நெஞ்சில் கை வைத்து எண்ணினார், திரும்பி வந்து தெருவில் சொன்னார்: "நம்ம நாயகம் அண்ணாச்சி மூச்சுதான் நாம விடுதோம்."

தெரு அதைக் கேட்டுக்கொண்டது. தண்ணீர் இன்றைக்கு ஆறு மணிக்கு வரும் என்றால் எப்படிக் கேட்டுக்கொள்ளுமோ அப்படிக் கேட்டுக்கொண்டு, அதற்குத் தக்கபடி வேலையை மாற்றிக்கொண்டது.

வேகமாக மூச்சு வாங்க முடியாது என்பதால் யாரும் ஓடவில்லை. பஸ் போனால் போகட்டும் என்று அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தத் தெருப் பிள்ளைகளை விளையாட்டு மைதானத்தில் நிழலில் உட்காரவைத்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் நான்கு படிக்கு ஒரு தடவை நின்று ஏறினார்கள். கீரைக்காரி "அரைக்கீரை" என்பதை ஒரு மூச்சிலும் "சிறுகீரை" என்பதை அடுத்த மூச்சிலுமாக விற்றாள். ஆசாரி ஊதுகுழலைத் துணியில் சுற்றிவைத்துவிட்டு, நெருப்பு வேண்டாத வேலைகளை மட்டும் எடுத்துச் செய்தார். ஒருவரை ஒருவர் ஏசுவதற்கு வேண்டிய மூச்சு யாரிடமும் இல்லாததால் சண்டைகள் வளராமல் வாடிப்போயின. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் சங்கு ஊதுகிறவர் அடுத்த ஊரிலிருந்து வந்தார். ஒரு குடும்பம் பயந்துபோய்க் கோயம்புத்தூருக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது, அங்கேயும் அதே பதினான்குதான் என்று தெரிந்து, நம் தெருவிலேயே கிடப்போம் என்று நான்காம் நாள் திரும்பி வந்தது. சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து வீடு வீடாக எண்ணி, எல்லா வீட்டுக்கும் ஒரே எண்ணை எழுதிக்கொண்டு போனார்.

இதில் நல்லது நடந்தது ஒருவருக்குத்தான். டீக்கடை கருத்தபாண்டிக்குச் சின்ன வயதிலிருந்தே இரைப்பு. முப்பது வருஷமாக அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்கியிருக்கிறார். மெஷின் ஓட ஆரம்பித்த அன்று அவர் நெஞ்சில் இருந்த விசில் சத்தம் நின்றது. பாய் விரித்து, தலையணை போட்டு, மல்லாந்து படுத்து, விடிகிற வரைக்கும் தூங்கி எழுந்து, கடைக்கு வந்த எல்லாரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினார்.

உலகம்மாளுக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. அவள் பெருமூச்சு விட்டாள், மூச்சு முட்ட நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள், மூச்சுப் பிடித்துக் குடம் தூக்கினாள். பொண்டாட்டி மூச்சு தனி என்று சிலர் சொன்னார்கள். யாராவது ஒருத்தர் வெளியே நின்றால்தான் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று சிலர் சொன்னார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பத்தாம் நாளுக்குப் பிறகு, தெருப் பெண்கள் சாயங்காலத்தில் கொஞ்சம் காபித்தூளோ நான்கு முருங்கைக்காயோ எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். முதலில் ஆறுதலுக்கு வருகிறார்கள் என்றுதான் நினைத்தாள். போகப் போகத்தான் தெரிந்தது, அவர்கள் அவளுடைய மூச்சைக் கேட்க வருகிறார்கள். கூடியும் குறைந்தும், நடுவில் சிக்கியும், தனக்கென்று ஒரு நடையில் போகிற மூச்சு எப்படி இருக்கும் என்பதை மறந்துவிடாமல் இருக்க வருகிறார்கள்.

அந்தப் பத்தாம் நாளில்தான் டாக்டர் பியூலா அவளைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார்.

"இனி அவர் முழிக்க மாட்டார்மா. மெஷின் இல்லாம மூச்சு தாங்காது. இந்த மாதிரி நேரத்துல என்ன செய்யணும்னு அவர் எப்பவாவது சொல்லியிருக்காரா? எழுதி வச்சிருக்காரா?"

"ஒண்ணும் சொல்லலியே" என்றாள் உலகம்மாள்.

சொல்லிவிட்டுக் கட்டில் பக்கம் போய், செவிலியிடம் கேட்டு, அவருடைய மறுபாதி முகத்தையும் சவரம் செய்து, பவுடர் போட்டுவிட்டு வந்தாள். இப்போது அனுப்பலாமே என்று தனக்குள்ளே ஒரு குரல் கேட்டதற்கு, நாளைக்கு என்று சொன்னாள். மறுநாளும் நாளைக்கு என்றுதான் சொன்னாள்.

இருபத்தொன்பதாம் நாள் வடிவு வந்தாள். எதிர்வீட்டு மருமகள், தலைப்பிரசவம், மாதம் நெருங்கிவிட்டது. சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் உலகம்மாளின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வலி வரும்போது வேகமா வேகமா மூச்சு விடணுமாம் அத்தே. ஆசுபத்திரியில சொல்லிக் குடுக்காவ. மத்தப் பிள்ளைய எல்லாம் செய்யுது. எனக்கு மட்டும் வரமாட்டேங்கு."

உலகம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"ஒங்க மூச்சப் பாத்தா அப்பிடியே மனசுல பிடிச்சுக்கிடலாம்னு வந்தேன். அதான். வேற ஒண்ணுமில்ல. மாமா நல்லபடியா வரட்டும் அத்தே."

வேறு ஒன்றுமில்லை என்று அவள் சொன்னது உண்மை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுதான் உலகம்மாளால் தாங்கமுடியாததாக இருந்தது.

முப்பத்தைந்தாம் நாள் சண்முகவேல் ஆசாரி வந்து வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்."

"தெரியும் அண்ணாச்சி."

"இத்தன நாளும் வாயத் திறக்கல. உம் மொகத்துக்காகன்னு நெனச்சுக்கிட்டேன். பொய். பயம். மெஷின நிப்பாட்டுனா நமக்கும் நின்னுருமோன்னு பயம். நீ குடுத்தாலும் குடுக்காட்டாலும் எனக்குச் சம்மதம். கையெழுத்துப் போட்டவன் சொல்லணும்ல, அதான் சொல்லிட்டுப் போறேன்."

மறுநாள் உலகம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரமநாயகத்தின் வலது மணிக்கட்டு வெள்ளைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தது. கை தானாகத் துள்ளிக் குழாய்ப் பக்கம் போகிறது, அது வெறும் நரம்புத் துடிப்புதான், அவருக்கு எதுவும் தெரியாது என்று செவிலி சொன்னாள். முப்பத்தோரு வருஷம் வால்வு திருகிக் காய்த்துப்போன உள்ளங்கை மேலே பார்த்தபடி விரிந்து கிடந்தது. உலகம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்தாள். பீரோவைத் திறந்து, பட்டுச்சேலையை உதறிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, முப்பிடாதியம்மன் கோயில் வாசலில் தெரு ஜனங்களைக் கூட்டினாள்.

"அவுக எழுதி வச்சிருந்தாவ. நாந்தான் ஒளிச்சு வச்சேன்" என்றாள். பத்திரத்தில் இருந்ததை மீரான் வாசித்தார். மூன்று மூச்சுக்கு ஒரு வரியாக அவர் வாசித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

முதலில் எழுந்தவர் கருத்தபாண்டி.

"குடுக்காதீய மைனி. எனக்காகக் கேக்கேன்னு நெனச்சாலும் பரவால்ல, எனக்காகத்தான் கேக்கேன். முப்பது வருசத்துல இந்த ஒரு மாசந்தான் நான் படுத்துத் தூங்கியிருக்கேன்."

யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வடிவின் மாமியார், தெருவே ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். தெரியாது என்றாள் உலகம்மாள். தெரிந்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று நினைத்து, ஒரு தடவை பொய் சொன்னது போதும் என்று விட்டாள்.

ஆசாரிதான் சொன்னார். "மெஷின் ஓடிக்கிட்டே இருந்தாலும் என்னைக்காவது ஒரு நாள் அவன் நெஞ்சு நிக்கத்தானே செய்யும். அன்னைக்கும் இதே பயந்தான். அன்னைக்கு நமக்கு முன்கூட்டி யாரும் சொல்லக்கூட மாட்டாங்க. இப்பன்னா நாம அவன் பக்கத்துல போயி நிக்கலாம்."

கருத்தபாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று வேறு யாரும் சொல்லவில்லை.

பத்திரத்தைக் கையில் வாங்கிய டாக்டர் பியூலா, அதில் இருந்த தேதியையும் உலகம்மாளின் முகத்தையும் பார்த்தார். ஏன் முன்னாலேயே தரவில்லை என்று கேட்கவில்லை. உட்காருங்கம்மா என்று மட்டும் சொன்னார். ஒரு கூட்டம் டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். இன்னொரு கூட்டம் வந்து பார்த்தது. முப்பத்தெட்டாம் நாள் காலை பத்து மணி என்று முடிவாயிற்று.

அன்று முப்பத்தாறு வீட்டிலும் குளித்து, விளக்கேற்றி, வீட்டைப் பூட்டாமல் சாத்திவிட்டு வந்தார்கள். உள்ளே ஒருத்திக்குத்தான் இடம். மற்றவர்கள் ஆஸ்பத்திரி வளாகத்து வாகை மரத்தடியில், பிரமநாயகத்தின் ஜன்னலுக்கு நேர் கீழே, கோயிலில் பூஜைக்கு நிற்பது மாதிரி நெருங்கி நின்றார்கள். வடிவு தன் புருஷன்மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருத்தபாண்டி எல்லாருக்கும் பின்னால், மதில் சுவரோரம் நின்றார்.

மேலே அவர் மணிக்கட்டில் இருந்த கட்டை அவிழ்த்தார்கள். குழாயை எடுத்தார்கள். அந்தக் கணத்தில் மரத்தடியில் இருந்த எல்லாருக்கும் தொண்டை கமறிக் கண்ணில் நீர் முட்டியது. பிறகு மெஷினின் மூச்சு போய்ப் பிரமநாயகத்தின் சொந்த மூச்சு வந்தது. அது சின்ன மூச்சு. அவசரமில்லாத மூச்சு. ஒன்று ஆழமாக வரும், இரண்டு மேலோட்டமாக வரும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு வரும். முப்பத்தேழு நாளாக மெஷின் கணக்கில் மூச்சு விட்ட தெரு, அப்போதுதான் அவரோடு சேர்ந்து மூச்சு விட்டது. நாயகம் அண்ணாச்சி நடக்கிற மாதிரியே இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

மேலே உலகம்மாள் அவர் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாக்கிட்டேன்" என்றாள். "கோவிச்சுக்காதீய. வெறும் வீட்டுக்குள்ள நான் எப்படிப் போவேன்னு பயமா இருந்திச்சு."

சொல்லி முடித்தபோது தன் நெஞ்சு தன்னுடைய நடையை விட்டுவிட்டதை உணர்ந்தாள். அவர் இழுத்தபோது அவளும் இழுத்தாள். அவர் நிறுத்தியபோது அவளும் நிறுத்தினாள். கல்யாணமான நாற்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை என்று தோன்றியது. ஒரு மணி நேரமும் இன்னும் கொஞ்சமும் அப்படிப் போனது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. பிறகு ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்தது வரவில்லை.

மரத்தடியில் நூற்றைம்பது பேர் அசையாமல் நின்றார்கள். வாய் திறந்திருந்தது, நெஞ்சு எழவில்லை. கண்கள் ஒருவரை ஒருவர் தேடின. வடிவின் விரல்கள் புருஷனின் சட்டையைக் கசக்கிப் பிடித்தன. மேலே உலகம்மாளும் அப்படியே இருந்தாள். அவளுக்குப் பயமாக இல்லை, அவர் கை இன்னும் சூடாக இருந்தது.

அப்போது மதில் சுவரோரத்திலிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது. மெலிந்த, கிழிந்த, இழுத்து இழுத்து வருகிற சத்தம். கருத்தபாண்டி இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்று, கஷ்டப்பட்டு, தன் சொந்த மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவரைத் தொட்டு நின்ற மீரான் மூச்சு விட்டார். பிறகு ஆசாரி, வடிவு, பிள்ளைகள் என்று ஆளாளுக்கு ஒரு நேரத்தில், ஒன்றோடு ஒன்று சேராமல், கடைசியாக மேலே உலகம்மாளுமாக, எல்லாருக்கும் அவரவர் மூச்சு வந்து சேர்ந்தது. அழுகைக்கும் தனி மூச்சு வேண்டும். முப்பத்தெட்டு நாள் யாராலும் அழ முடிந்திருக்கவில்லை. இப்போது அந்த மரத்தடி முழுக்க அழுதது. பிரமநாயகத்துக்கு அன்று கிடைத்த அழுகை அந்த ஊரில் அதற்கு முன்னால் யாருக்கும் கிடைத்ததில்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் பழம் விற்கிறவள் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் போன ஒன்பதாம் நாள் வடிவு கத்திக் கூப்பாடு போட்டு ஒரு பெண் பிள்ளை பெற்றாள்.

காரியமெல்லாம் முடிந்து, வெறும் வீட்டுக்குள் போகவும் வரவும் பழகி, கார்த்திகை கழிந்த பிறகு உலகம்மாள் நோட்டரி வக்கீலிடம் போனாள். துணைக்கு ஆசாரியும் மீரானும் போனார்கள். கடையைச் சாத்திவிட்டுக் கருத்தபாண்டியும் பின்னாலேயே போனார். குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம், வலி தெரியாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல வக்கீல் எழுதிக்கொண்டு வந்து, ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"உங்களால சொல்ல முடியாம போனா உங்களுக்காக யாரும்மா சொல்லணும்? ஒரு பேரு வேணும்."

உலகம்மாள் மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். வேற யாரு இருக்கா எனக்கு என்று அன்றைக்கு அவர் கேட்ட மாதிரிக் கேட்க, அவளுக்கு அந்த ஒருத்தரும் இல்லை. ஆசாரி தொண்டையைச் செருமினார், ஆனால் அவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். மின்விசிறி சுற்றுகிற சத்தத்துக்கு அடியில், வாசல் பக்கத்திலிருந்து அந்த விசில் சத்தம் கேட்டது. இருபது படி ஏறி வந்ததில் கருத்தபாண்டிக்கு இரைப்பு அதிகமாகியிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சை இழுத்துச் சேர்த்து அவர் சொன்னார்.

"எம் பேரப்... போடுங்க... மைனி. நான்... ஒளிச்சு... வைக்க மாட்டேன்."